ஹைட்ரஜன் சல்ஃபைடும் இடுப்புக் கயிறும்

'விஷவாயு தாக்கிப் பலி' என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. பேர் தெரியாத ஏதோ பேய் அடித்த மாதிரி. பெரும்பாலும் அதற்குப் பேர் ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றில்லாத சாக்கடையில் மலம் அழுகும்போது பாக்டீரியா உண்டாக்குவது. காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கைத் தொட்டால் மூக்கு மரத்துப்போகும். "நாத்தம் போயிருச்சு, எறங்குடா" என்பான் மேலே நிற்கிற காண்ட்ராக்டர்.

நான் தமிழ் எம்.ஏ. எனக்கே இது தெரியும்போது வேதிப் பொறியாளர்களுக்குத் தெரியாதா? எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் இதே வாயுவைப் பிடித்து, கிளாஸ் முறையில் கந்தகமாக்கி விற்கிறார்கள். அங்கே தொட்டிக்குள் ஆள் இறங்க அனுமதிச் சீட்டு, வாயு அளக்கும் கருவி, மூச்சுக் கருவி, வெளியே காவல் ஆள் எல்லாம் விதி. சாக்கடைக்குள் இறங்கும் நம்ம ஆளுக்கு இடுப்பில் ஒரு கயிறு.

ஸ்ரீரங்கத்தில் அக்ரகாரத்து மலமும் சேரி மலமும் ஒரே வாயுவைத்தான் தரும். அள்ளுவது மட்டும் ஏன் ஒரே சனம்?

1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொன்று. சாக்கடைச் சாவுக்கு 2014-இல் உச்சநீதிமன்றம் 10 லட்சம் தரச் சொன்னது. 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியது. சாவு நிற்கவில்லை. இது அறிவியல் இல்லாத சாவு அல்ல. அறிவியலைச் சாதி பார்த்துக் கொடுத்ததால் வந்த சாவு.

1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய திருச்சி என்.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் துறையே இருக்கிறது. அங்கே படிக்கிற தோழர்களே, வகுப்பில் எழுந்து கேளுங்கள்: ஆலைத் தொட்டிக்குப் போட்ட பூட்டை மேன்ஹோல் மூடிக்கு ஏன் போடவில்லை?