படிவம் நான்கு வந்தால் போதும், நிறுத்திவிடுகிறீர்கள்

மூன்று வாரமாக அந்தப் பிள்ளை பயிற்சிக்கு வரவில்லை. ஈப்போவில் என் மகள் போகும் குத்துச்சண்டை வகுப்பில் அவளுக்கு ஜோடி அந்தப் பிள்ளைதான். இடக்கைக்காரி. எதிரில் நிற்பவர் அசைவதற்குள் அவள் கை வந்துவிடும். பயிற்றுநர் இரண்டு முறை அழைத்தும் பதில் இல்லை என்று நானே அவள் அப்பாவிடம் போனில் பேசினேன்.

"படிவம் நாலு வந்திருச்சுக்கா. இனிமே இதெல்லாம் எதுக்கு? மூக்கு கீக்கு ஒடஞ்சா நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பா?"

கெட்ட மனிதர் இல்லை. மகளுக்காக இரண்டு வேலை பார்ப்பவர். அதனால்தான் அவரை மட்டும் குறை சொல்லாமல், நம் எல்லாருக்குமாக இதை எழுதுகிறேன். அவர் சொன்னதை நம்மில் பாதிப் பேர் சொல்லியிருக்கிறோம். பதினைந்து வயதுவரை ஓடவிடுகிறோம், பந்து தட்டவிடுகிறோம், பள்ளிப் போட்டியில் கோப்பை வாங்கினால் படம் எடுத்துப் புலனத்தில் போடுகிறோம். அதற்குப் பிறகு ஒரு நாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், போதும் என்று விடுகிறோம்.

அந்தப் பிள்ளையின் வீட்டில் அவளுடைய தம்பி இன்னும் பந்து விளையாடப் போகிறான். போன வருடம் கணுக்கால் பிசகிப் பத்து நாள் நொண்டினான். கட்டுப் போட்டார்கள், ஆறியதும் மறுபடி அனுப்பினார்கள். யாரும் அவனுடைய கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. இதை நீங்கள் யோசித்ததுண்டா?

நம்மில் பலர் சுங்கை சிப்புட், தாப்பா, சிலிம் ரீவர் பக்கத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். லயம் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது, அல்லது தாமான் வீடு நிற்கிறது. ஆனால் அங்கே நம் பாட்டிகள் பட்ட பாடு நமக்கு மறந்திருக்காது. விடியுமுன் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இருட்டில் மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டினார்கள். பிறகு நிறைந்த வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்து மேடு பள்ளம் ஏறி இறங்கினார்கள். நிறைமாதத்திலும் சுமந்தார்கள். தோள் அகன்றுவிடும், வெயிலில் கறுத்துவிடுவாள், யார் கட்டிக்கொள்வார் என்று அன்று எந்தக் கங்காணியும் கேட்கவில்லை. எந்தப் புருஷனும் கேட்கவில்லை. துரைக்காகச் சுமந்தபோது சரியாக இருந்த அந்த உடம்பு, பேத்தி தனக்காக ஒரு கையுறையை மாட்டும்போது மட்டும் எப்படித் தப்பாகிறது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1943இல் கேப்டன் லட்சுமியின் தலைமையில் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படை தொடங்கியபோது அதில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயாவின் தமிழ்ப் பெண்கள், தோட்டத்துப் பிள்ளைகள். ஈப்போவிலிருந்து அக்காளோடு போய்ச் சேர்ந்த ராசம்மாவுக்கு அப்போது பதினாறு வயது. துப்பாக்கி பிடித்துப் பர்மா வரை போய்த் திரும்பிய அந்தப் பெண்தான் பின்னாளில் ராசம்மா பூபாலனாக, ஆசிரியைகளுக்கு ஆண்களோடு சம சம்பளம் வேண்டும் என்று போராடினார். உங்கள் மகளுக்கும் அதே வயதுதான்.

குத்துச்சண்டை என்றதும் நாம் எல்லாரும் இந்திய வீராங்கனை மேரி கோம் பெயரைச் சொல்கிறோம். அவர் அப்பாவின் கதையை யாரும் சொல்வதில்லை. பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

மணிப்பூரில் காங்காதெய் என்ற கிராமம். பிறர் நிலத்தில் பாடுபட்ட குடும்பம். மூத்த மகள் வயலில் வேலை செய்துகொண்டே படித்தாள், ஓடினாள், ஈட்டி எறிந்தாள். 1998இல் அதே மாநிலத்து டிங்கோ சிங் பாங்காக் ஆசிய விளையாட்டில் குத்துச்சண்டைத் தங்கம் வாங்கினார். அவரைப் பார்த்துத்தான் தானும் கையுறை மாட்ட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. விளையாட்டுப் பயிற்சிக்கு என்று இம்பாலுக்குப் போனவள், குத்துச்சண்டை பழகுவதை வீட்டுக்குச் சொல்லவில்லை. 2000இல் மாநிலப் போட்டியில் வென்றாள். செய்தித்தாளில் படம் வந்தது. அப்பா அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அவர் பயந்தது என்ன தெரியுமா? முகத்தில் அடிபட்டால் மகளுக்குக் கல்யாணம் ஆகாது. அந்த இடக்கைக்காரியின் அப்பா போனில் என்னிடம் சொன்ன அதே பயம். மணிப்பூரின் அந்தக் கிராமத்துக்கும் ஈப்போவுக்கும் இடையில் எவ்வளவு தூரம், ஆனால் சொல் மாறவில்லை. இத்தனைக்கும் மேரி கோமின் அப்பா இளமையில் மல்யுத்தம் செய்தவர். தன் உடம்புக்கு இருந்த உரிமை மகளின் உடம்புக்கும் உண்டு என்பது அவருக்கே உடனே பிடிபடவில்லை.

ஆனால் அவர் பிடிவாதத்தில் நிற்கவில்லை, மகளைக் குத்துச்சண்டைக்கு விட்டார். 2001இல் உலகப் போட்டியில் வெள்ளி. 2002, 2005, 2006இல் தங்கம். 2005இல் கல்யாணமும் ஆயிற்று. 2007இல் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். இத்தோடு முடிந்தது என்று ஊர் நினைத்தது. அவரோ 2008இல் மறுபடி உலகத் தங்கம் வாங்கினார், பிறகு 2010இல். பெண்கள் குத்துச்சண்டையை ஒலிம்பிக்கில் சேர்த்ததே 2012இல்தான். அங்கே மூன்று எடைப் பிரிவுகளே இருந்ததால், தன் வழக்கமான எடையை விட்டு 51 கிலோவில், தன்னைவிட உடல் பெரியவர்களோடு மோதி வெண்கலம் கொண்டுவந்தார். ஆறாவது உலகத் தங்கம் 2018இல், முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகு, மூன்று பிள்ளைகளைப் பெற்ற பிறகு. பதினாறு வயதில் மகளின் காலம் முடிந்துவிடுகிறது என்று நினைக்கும் நீங்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

அது தூர தேசத்துக் கதை என்று தள்ளவும் முடியாது. தாப்பாவில் பிறந்த எம். ராஜாமணி நம் பேராக் பிள்ளை. பெண்களுக்கான 400 மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கில் முதன்முதலாக நடந்தது 1964இல், தோக்கியோவில். அந்த முதல் ஓட்டத்திலேயே தாப்பாப் பெண் ஒருத்தி நின்றாள். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் அதே 400 மீட்டரில் தங்கம். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை என்ற விருதை முதலில் வாங்கியவரும் அவரே. அறுபது வருடத்துக்கு முன்னால், இன்று நமக்கு இருக்கும் காரும் மோட்டாரும் ஓடுபாதையும் இல்லாத காலத்தில், ஒரு குடும்பம் தன் பெண்ணை அரைக்கால் சட்டையோடு ஓட விட்டிருக்கிறது. நாம் அவர்களைவிடப் பின்னுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

வேறு இனத்தார் இப்படி இல்லை என்று பார்க்கும்போது எனக்கு வலிக்கிறது. 2025 ஜூலையில் நியூயார்க்கில், நியூசிலாந்தில் பிறந்த செர்னேகா ஜான்சன் என்ற மாவோரிப் பெண், பாண்டம் எடைப் பிரிவின் உலகப் பட்டங்கள் அனைத்தையும் தன் வசமாக்கினார். நிலத்தை இழந்து, மொழியை இழக்கும் நிலைக்குப் போய் மீண்ட சின்ன இனம் அது. நாமோ தோட்டத்தை இழந்தோம், பள்ளிகளைக் காப்பாற்றப் பாடுபடுகிறோம், கிடைத்திருக்கும் பெண் பிள்ளைகளின் பலத்தை மட்டும் நாமே மூட்டை கட்டி மூலையில் வைக்கிறோம்.

நம் மலேசிய ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி 2022இல் கார் விபத்தில் கடுமையாக அடிபட்டார். மறு வருடமே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஸ்குவாஷ் தங்கத்தோடு நின்றார். அதே போட்டியில் நம் நாட்டு ஷாமளாராணிக்குக் கராத்தேயில் தங்கம். அன்று எத்தனை பேர் அந்தப் படங்களை அனுப்பினீர்கள், 'நம்ம பொண்ணு' என்று எழுதினீர்கள்! அவர்கள் நம் பெண்கள் ஆனது, அவர்களுடைய அப்பா அம்மா நம்மைப்போல் பதினைந்து வயதில் நிறுத்தாததால்.

அடிபடும் என்ற பயத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. நானும் தாய்தான். தலையில் விழும் குத்து விளையாட்டுக் காரியம் இல்லை. அதற்கு வழி மகளை வீட்டில் உட்கார வைப்பதா, நாம் போய் விசாரிப்பதா? பயிற்சியில் தலைக்கவசமும் பல் காப்பும் கட்டாயமா, எந்த வயதில் நேருக்கு நேர் மோத விடுகிறார்கள், தலையில் பலமாகப் பட்டால் எத்தனை நாள் ஓய்வு, போட்டியில் மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். டியூசன் வாத்தியாரைப் பற்றி எவ்வளவு விசாரிக்கிறோம்! இங்கே ஒரு நாள் வாசலைத் தாண்டி உள்ளே வந்து பார்க்கிறோமா?

எஸ்.பி.எம். தேர்வு இருக்கிறதே என்பீர்கள். இருக்கட்டும். அரசுப் பல்கலைக்கழக நுழைவில் 90 விழுக்காடு படிப்புக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. ஒரு விழுக்காட்டில் இடம் தவறிப் போய் அழுத பிள்ளைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாரத்தில் நான்கு மணி நேரப் பயிற்சி படிப்பைக் கெடுக்கும் என்றால், இரவு பதினொன்று வரை கைப்பேசி பார்ப்பது கெடுக்காதா? என் மகள் பயிற்சி முடிந்து வரும் நாளில்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், ஒழுங்காகத் தூங்குகிறாள், காலையில் ஒரு குரலுக்கே எழுகிறாள். மேடைக்கே போகாவிட்டாலும் எனக்கு அது போதும்.

அந்த இடக்கைக்காரியின் கையுறை இன்னும் ஆணியில்தான் தொங்குகிறது. வேறு பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம் என்று பயிற்றுநரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அப்பாவுக்கு ஒரு வார்த்தை: தம்பி, செவ்வாயும் வியாழனும் மாலை ஐந்தரைக்கு வகுப்பு. நீங்கள் வேலையில் இருந்தால் சொல்லுங்கள், நான் வந்து அவளை ஏற்றிக்கொள்கிறேன். ஒரே ஒரு நாள் நீங்களும் கூட வந்து ஓரமாக உட்காருங்கள், அவள் இடக்கை வீசுவதைப் பாருங்கள். அதற்குப் பிறகு பேசுவோம்.