யார் பெற்ற பிள்ளைகள்?

கோடை விடுமுறை வந்துவிட்டால், அமெரிக்க நாட்டின் கிறிஸ்தவ திருச்சபைகள் பலவற்றிலிருந்து வாலிபரும் யுவதிகளும் கூட்டங்கூட்டமாக வெளிநாடுகளுக்குப் புறப்படுகின்றனர். குவாத்தமாலா, டொமினிக்கன் குடியரசு, கென்யா, உகண்டா, கம்போடியா என அவர்கள் செல்லும் நாடுகளின் வரிசை நீளமானது. ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம் தங்குவர். ஏழைப் பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்வர், பாட்டுப் பழக்குவர், பந்து விளையாடுவர், கட்டடச் சுவருக்கு வர்ணம் பூசுவர். பின்னர், கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளைகளிடம் கண்ணீரோடு விடைபெற்று வீடு திரும்புவர். இதனை மிஷன் பயணம் என்கின்றனர்.

இப்பயணம் போகிறவர்களின் உள்ளத்தில் அன்பில்லை என்று நாம் கூறவில்லை. தம் விடுமுறையையும் சேமித்த பணத்தையும், முன்பின் அறியாத பிள்ளைகளுக்காகச் செலவிட முன்வருவோரை ஏளனஞ் செய்வது எமது நோக்கமன்று. அவர்களுடைய மதத்தோடும் எமக்கு வழக்கில்லை. பகலிற் பாடசாலைக்கு வந்து மாலையில் வீடு திரும்பும் பிள்ளைகளோடு சிலநாட் கூடி விளையாடுவதால் பெருங்கேடு விளைந்துவிடும் என்றும் நாம் வாதிடப் போவதில்லை. நாம் பேச எடுத்துக்கொண்டது அநாதை இல்லம் என்னும் பெயர்ப்பலகை தொங்கும் வாசல்களைப் பற்றியே. அவ்வாசல்களில் நின்று நாம் எழுப்பும் வினா ஒன்றுதான்: உள்ளே இருப்பவர்கள் யார் பெற்ற பிள்ளைகள்?

இவ்வினாவைக் கேளாமற் செய்த தொண்டு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹெயிட்டி நாடு சாட்சி. 2010ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதி நிலநடுக்கம் அந்நாட்டைத் தகர்த்தது. தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸ் கற்குவியலாயிற்று. பதினேழு நாட்கள் கழிந்து, அதே மாதம் 29ஆந் திகதி, டொமினிக்கன் குடியரசின் எல்லையில் ஒரு பஸ் வண்டி தடுத்து நிறுத்தப்பட்டது. அதனுள் 10 அமெரிக்கர்களும் 33 பிள்ளைகளும் இருந்தனர். அமெரிக்கருட் பெரும்பாலோர் ஐடஹோ மாநிலத்தின் இரு பப்டிஸ்ட் திருச்சபைகளைச் சேர்ந்தவர்கள். பிள்ளைகளோ கைக்குழந்தை முதல் 12 வயது வரையானவர்கள். அவர்களை நாட்டைவிட்டுக் கொண்டுசெல்வதற்கு வேண்டிய அனுமதிப் பத்திரம் அந்தத் தொண்டர்களின் கையில் இருக்கவில்லை. எல்லைக்கு அப்பால், கபரேட்டே என்னும் கடற்கரையூரில், 45 அறைகள் கொண்ட ஹோட்டல் ஒன்றை அநாதை இல்லமாக்குவதே அவர்களின் திட்டம்.

அநாதைகளைக் காப்பாற்ற வந்தோம் என்றனர். விசாரித்தபோது வெளிப்பட்டது யாது? அப்பிள்ளைகளைப் பெற்றவர்கள் உயிரோடிருந்தனர்! தலைநகருக்கு வெளியே மலைமேலுள்ள கலபாஸ் என்னும் கிராமத்துப் பெற்றோர் பலர், தாமே பிள்ளைகளைக் கையளித்ததாகக் கூறினர். படிப்புக் கிடைக்கும், உணவு கிடைக்கும், போய்ப் பார்த்து வரலாம் என்று நம்பிக் கொடுத்ததாகவும் கூறினர். முதலிற் சுமத்தப்பட்ட பிள்ளை கடத்தற் குற்றம் ஈற்றில் நிலைக்கவில்லை. ஒன்பது பேர் முன்னரே விடுவிக்கப்பட்டனர். குழுவின் தலைவி மாத்திரம், முறைகேடாகப் பயணம் ஒழுங்கு செய்த குற்றத்துக்காக 2010 மே மாதத்தில் தண்டிக்கப்பட்டு, சிறையிற் கழித்த காலமே தண்டனையாகக் கொள்ளப்பட்டு வெளியேறினார்.

சட்டம் பயின்ற எமக்கு இவ்வழக்கிலே முக்கியமாகத் தோன்றுவது, தண்டனை போதுமா போதாதா என்பதன்று. சம்மதம் என்றால் என்ன என்பதே. எமது நாட்டில் ஒரு பரப்புக் காணி கைமாறுவதாயின் நொத்தாரிசு வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுத்தில் உறுதி வேண்டும். ஏன்? அவசரத்திலும் அச்சத்திலும் அறியாமையிலும் ஒருவன் தன் உடைமையை இழந்துவிடக் கூடாது என்பதற்காக. வீடு இடிந்து, அடுத்த வேளை உணவுக்கு வழியின்றி நிற்பவனிடம், அவன் அறியாத மொழி பேசும் அந்நியர் வந்து பிள்ளையைத் தா, வளர்த்துத் தருகிறோம் என்றால், அவன் தலையசைப்பது சம்மதமாகுமா? மண்ணுக்கு இத்தனை காவல் வைத்த மனிதன், மகவுக்கு ஒரு காவலும் வேண்டாமென்று சொல்லலாமா?

இது பூகம்பத்தின் குழப்பத்தில் நேர்ந்த ஒரு விபரீதம் என்று தள்ளிவிடவும் முடியாது. அந்நாட்டில் அதற்குப் பிந்திய ஆண்டுகளிற் கணக்கெடுத்தோர், ஏறத்தாழ 750 இல்லங்களில் 30,000 வரையான பிள்ளைகள் இருந்தனர் என்றும், அவர்களுள் நூற்றுக்கு 80 பேருக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் உயிரோடு இருந்தனர் என்றும் கண்டனர். உலகின் மறுகோடியிலுள்ள கம்போடியாவிலும் கதை இதுவே. 2005ஆம் ஆண்டுக்கும் 2010ஆம் ஆண்டுக்கும் இடையில் அங்கே பிள்ளைகளைத் தங்கவைக்கும் இல்லங்களின் தொகை நூற்றுக்கு 75 வீதம் பெருகி 269 ஆயிற்று. அவற்றுள் அரசாங்கம் நடத்தியவை 21 மாத்திரமே. அங்கிருந்த ஏறத்தாழ 12,000 பிள்ளைகளுள் நான்கில் மூன்று பங்கினருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருந்தனர். போர் ஓய்ந்து, நாடு நிமிர்ந்து வந்த காலத்தில் அநாதைகள் எப்படிப் பெருகினர்?

அநாதைகள் பெருகவில்லை, அநாதைகளைக் காண வந்தவர்களே பெருகினர். வெளிநாட்டார் வந்து பார்த்துப் பணம் கொடுத்துச் செல்லும் இடத்தில், பார்ப்பதற்குப் பிள்ளைகள் இருந்தாக வேண்டும். கட்டில்கள் வெறுமையாய்க் கிடந்தால் காணிக்கை வராது. ஆகவே தரகர் கிராமங்களுக்குப் போகின்றனர். படிப்பிக்கிறோம், மூன்று வேளை சோறு போடுகிறோம் என்று ஏழைத் தாயிடம் பேசுகின்றனர். அவளும் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு அனுப்பி வைக்கிறாள். இல்ல நடத்துநர் எல்லாரும் இத்தகையோர் அல்லர். நேர்மையாளர் பலர் உளர். ஆயினும் வறுமையைத் தீர்க்க வேண்டிய பணம், வறியவளிடமிருந்து பிள்ளையைப் பிரித்தெடுக்கும் கூலியாக மாறுவதை அந்நேர்மையாளராலும் தடுக்க முடியவில்லை.

பிள்ளையின் மனம் படும் பாட்டையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று ஒரு கூட்டம் வந்து மடியில் வைத்துக் கொஞ்சும். பத்தாம் நாள் அது போய்விடும். அடுத்த வாரம் வேறொரு கூட்டம். அந்நியர் எவரைக் கண்டாலும் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து, எவ்வளவு அன்பான பிள்ளை என்று தொண்டர்கள் மகிழ்கின்றனர். தன் வீட்டில், தன் தாயிடம் வளரும் பிள்ளை அந்நியரைக் கண்டால் தாயின் சேலைக்குப் பின்னால் ஒளியும், அதுவே இயல்பு. நட்ட நாற்றை நாள்தோறும் பிடுங்கிப் பிடுங்கி மறுபடி நடுகின்ற கமக்காரன் எங்கேனும் உண்டா? பயிர் பிடிக்க வேண்டுமானால் வேர் ஓரிடத்தில் ஊன்ற வேண்டும் என்பதை எமது விவசாயிகளுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இன்னுமொன்று. வருகிறவர் யாவரென்று ஆராயாமற் கதவைத் திறந்துவிடும் இல்லத்தில், நல்லவரோடு தீயவரும் நுழைவர். கென்யாவின் தலைநகர் நைரோபியில் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்குத் தொண்டனாகச் சென்ற ஓக்லஹோமா மாநிலத்து இளைஞன் ஒருவன், அங்கிருந்த பிள்ளைகளைப் பாலியல் வதைக்கு உள்ளாக்கியமைக்காக 2015ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றிற் குற்றவாளியாகக் காணப்பட்டான். மறுவருடம் அவனுக்கு 40 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. இவன் ஒருவனைக் காட்டி எல்லாரையும் பழிப்பது அநீதி. ஆனால் தத்தம் நாட்டிற் பாடசாலைக்குள் நுழைவதற்கே நற்சாட்சிப் பத்திரம் கேட்பவர்கள், பிற நாட்டுப் பிள்ளைகளின் படுக்கையறை வரை ஒரு பத்திரமும் இல்லாமற் போகலாமென நினைப்பது அதனிலும் பெரிய அநீதி.

இவற்றுக்கு மாறாகக் கூறப்படும் நியாயத்தையும் நாம் கேட்டிருக்கிறோம். நேரிற் போய்ப் பார்த்தால்தான் நெஞ்சு இளகும். நெஞ்சு இளகினால்தான் பணம் வரும். போகாவிட்டால் அப்பிள்ளைகள் பட்டினி கிடப்பர் என்கின்றனர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இளகிய நெஞ்சு எங்கே போய்ச் சேருகிறது என்பதே கேள்வி. ஒரு வாலிபனின் விமானச் சீட்டுக்கான பணம், ஒரு தாய்க்கு ஆடு வாங்கிக் கொடுக்காதா? ஒரு தந்தைக்கு விதைநெல் ஆகாதா? பாடசாலைக் கட்டணத்தைத் தீர்த்துப் பிள்ளையை வீட்டிலேயே வைத்திருக்க உதவாதா? சுவருக்கு வர்ணம் பூசும் வேலைக்காக ஏங்கி நிற்கும் ஊர்த் தொழிலாளிக்கு நாட்கூலியாகாதா?

வேற்று நாட்டு மிஷன் தொண்டு என்பது யாழ்ப்பாணத்தாருக்குக் கேள்விச் செய்தியன்று. அமெரிக்க மிஷனரிமார் 1816ஆம் ஆண்டில் இங்கு வந்தனர். விடுதிப் பாடசாலைகள் அமைத்துப் பிள்ளைகளைச் சேர்த்தனர். கடலுக்கு அப்பாலிருந்து பணம் அனுப்பியவர்களின் பெயர்கள் அப்பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. பெற்றவர் இட்ட பெயர் போய், பணம் தந்தவரின் பெயர் ஏறிற்று. கொடையின் பாரம் பிள்ளையின் தலையில் வைக்கப்படும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று என்பதை இது காட்டும். அதே மிஷனைச் சேர்ந்த டாக்டர் சாமுவேல் கிறீனின் தொண்டோ வேறு விதமானது. 1847ஆம் ஆண்டில் வந்து, இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக 1873ஆம் ஆண்டு வரை பணியாற்றிய அவர், தமிழ் கற்றார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மானிப்பாயில் எமது இளைஞரைத் தமிழிலேயே வைத்தியராக்கினார். அவர் ஊர் திரும்பிய பின்னரும் வைத்தியம் இங்கே நின்றது. வந்தவர் போனபின் எஞ்சி நிற்பது யாது என்பதே தொண்டின் உரைகல்.

கிறிஸ்தவ நண்பர்களுக்கு அவர்களுடைய வேதத்தைக் கொண்டே ஒன்று சொல்வோம். யாக்கோபு எழுதிய நிருபம் தூய பக்தியைப் பற்றிப் பேசுகையில், திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் ஒருசேர வைத்தே பேசுகின்றது. பிள்ளையை எடுத்துக்கொண்டு விதவையைத் தெருவில் விடுமாறு அது கூறவில்லை. இருவரையும் ஒரே கூரையின்கீழ்த் தாங்குவதன்றோ அப்போதனைக்கு இசைந்த தொண்டு? இதனை உணர்ந்த திருச்சபைகள் சில, இல்லங்களுக்குக் கொடுத்த பணத்தைக் குடும்பங்களுக்குத் திருப்பத் தொடங்கியுள்ளன. அவற்றை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

சட்டமும் இப்பக்கமே நிற்கின்றது. வறுமை ஒன்றை மாத்திரம் காரணமாகக் காட்டிப் பெற்றோரிடமிருந்து பிள்ளையைப் பிரித்தலாகாது என்னும் நெறியை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆந் திகதி ஏற்றுக்கொண்டது. ஹெயிட்டியில் நிலம் நடுங்கியது அதற்கு 25 நாட்களின் பின்னரே! 2019ஆம் ஆண்டு டிசம்பரில் அதே சபை, அநாதை இல்லங்களில் நடைபெறும் தொண்டர் பயணங்களால் விளையும் கேட்டினையும் பெயர்குறித்துச் சொல்லிற்று. ஆயினும் இப்பயணங்கள் பெருந்தொகையாகப் புறப்படும் அமெரிக்கா, 1989ஆம் ஆண்டின் பிள்ளைகள் உரிமைச் சாசனத்தில் 1995ஆம் ஆண்டில் ஒப்பமிட்டும் இன்றுவரை அதனை ஏற்று உறுதிசெய்யவில்லை.

ஆகவே நாம் கோருவது இது. தாயோ தந்தையோ இருக்கும் பிள்ளையை அநாதையென்று அழைத்துப் பணம் திரட்டுவதை நிறுத்துக. பிள்ளைகள் உறங்கும் இல்லங்களுக்குக் குறுங்காலப் பயணிகளை அனுப்பாது விடுக. போகிறவர், அவ்வூர்ச் சபையாரும் ஆசிரியரும் பெற்றோரும் அழைத்தாற் போகட்டும். அவர்கள் கேட்ட வேலையைச் செய்யட்டும். தம் நற்சாட்சிப் பத்திரத்தையும் கையோடு கொண்டு போகட்டும். மெய்யாகவே எவருமற்ற பிள்ளைக்கு உற்றார் வீட்டையோ வளர்ப்புக் குடும்பத்தையோ தேடிக்கொடுக்கும் பொறுப்பு, அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கும் மக்களுக்கும் உரியது. அதற்குத் துணை நிற்கட்டும்.

எமது வாசகருள்ளும் கொடையாளர் உளர். நாளை ஒரு புகைப்படத்தைக் காட்டி, இந்த அநாதைக்கு உதவுங்கள் என்று எவரேனும் கேட்டால், கையைப் பையிலிடுமுன் ஒரு வார்த்தை கேட்க வேண்டுகிறோம்: இந்தப் பிள்ளையின் தாய் எங்கே?