சட்டமில்லாத சீனா எங்கே இருக்கிறது?

செயற்கை நுண்ணறிவுக்குச் சட்டம் போட்ட ஐரோப்பா பின்தங்கிவிட்டதாம். போடாத அமெரிக்காவும் சீனாவும் முந்திவிட்டனவாம். ஆகவே இந்தியா அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார் நண்பர் ஒருவர். எழுதுவதற்கு முன் ஒரு நாட்டைப் பற்றியாவது விசாரித்திருக்கலாம்.

சீனாவையே எடுத்துக்கொள்வோம். பரிந்துரை அல்காரிதங்களுக்கு 2022 மார்ச்சிலேயே அங்கே விதி வந்தது. டீப்ஃபேக்குகளுக்கு 2023 ஜனவரியில். சாட்ஜிபிடி வகைச் சேவைகளுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 15 முதல். இத்தனையும் அமலில் இருக்கும்போதுதான், 2025 ஜனவரியில், சீனாவின் டீப்சீக் அமெரிக்கப் பங்குச் சந்தையை ஆட்டிவைத்தது. அந்த விதிகளில் தணிக்கை வாடை அடிக்கிறது. அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் நண்பர் சொல்லும் சட்டமில்லாத சீனா எந்த வரைபடத்தில் இருக்கிறது?

ஐரோப்பா? சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பரில். ஐரோப்பியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 ஆகஸ்டில்; அதன் முதல் தடைகள் 2025 பிப்ரவரியில். முன்பே விழுந்த அடிக்குப் பின்னால் வந்த சட்டம் எப்படிப் பொறுப்பாகும்? அமெரிக்காவிலோ, சிலிக்கான் பள்ளத்தாக்கைத் தன் மடியில் வைத்திருக்கும் கலிபோர்னியாவே 2025 செப்டம்பரில் பெரிய மாடல்களுக்கென ஒரு பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது.

சரி, சட்டம் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? அதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. 2024 மார்ச் 1 அன்று மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஓர் அறிவுரைக் கடிதம் அனுப்பியது. சோதனை நிலையில் இருக்கும் மாடல்களையும் நம்பகத்தன்மை உறுதியாகாத மாடல்களையும் இந்தியப் பயனர்களுக்குத் தருவதற்கு முன் அரசிடம் அனுமதி பெற வேண்டுமாம். யாரிடம் விண்ணப்பிப்பது, எத்தனை நாளில் பதில் வரும், மறுத்தால் எங்கே முறையிடுவது? ஒன்றுக்கும் அதில் விடை இல்லை. கூச்சல் எழுந்ததும், இது ஸ்டார்ட்அப்களுக்குப் பொருந்தாது என்று இணையமைச்சர் சமூக ஊடகத்தில் விளக்கம் கொடுத்தார். கடிதத்தில் அப்படி ஒரு வரி கிடையாது! மார்ச் 15 அன்று வேறு கடிதம் வந்தது. அனுமதி நிபந்தனை காணாமல்போனது.

நாடாளுமன்ற விவாதம் இல்லாமல் ஒரு கடிதத்தில் வந்து, இன்னொரு கடிதத்தில் போன கட்டுப்பாடு இது. 2025 நவம்பரில் வந்த அரசின் வழிகாட்டுதல்களும் இப்போதைக்குத் தனிச்சட்டம் தேவையில்லை என்கின்றன. நண்பர் கைதட்டுகிறார். அந்த மார்ச் மாதத்தில் பதறியவர்கள், சட்டத்திடமிருந்து காப்பாற்ற அவர் துடிக்கும் அதே ஸ்டார்ட்அப்காரர்கள்தான்.