செடியை வாரினார்கள், சாக்கடையை விட்டுவிட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் ஏரியில் ஆகாயத் தாமரை அகற்றும் பணி தொடங்கியதைச் சென்ற வாரம் படத்தோடு வெளியிட்டிருந்தீர்கள். பொக்லைனும் பிரமுகர்களும் படத்தில் இருந்தார்கள். அவர்கள் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நகரத்துச் சாக்கடை கறுப்பாக ஏரிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அதுதான் படத்தில் இல்லை.

நானும் அன்று கரையில் இருந்தேன். ஆயக்கட்டில் மூன்று தலைமுறையாக நெல் வைக்கும் பெரியவர் ஒருவர், "இந்தச் சாக்கடைய எப்ப சார் நிறுத்துவீங்க?" என்று கேட்டார். "செடிய எடுக்கிறதுதான் எங்க எஸ்டிமேட்டுல இருக்கு. சாக்கடை வேற டிபார்ட்மென்ட். நீங்க யூரியா போடறதக் குறைங்க, செடி தானா குறையும்" என்று எல்லார் முன்னிலையிலும் பதில் சொன்னார் அதிகாரி. பெரியவர் வாயடைத்துப் போனார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

யூரியாவை அளவுக்கு மீறிக் கொட்டும் விவசாயிகள் உண்டு; மறுக்கவில்லை. 45 கிலோ மூட்டை 266 ரூபாய் சொச்சத்துக்கு மானியத்தில் கிடைக்கும்போது கை தாராளமாகத்தான் போகும். ஆனால் எங்கள் வயல்கள் மதகுக்குக் கீழே இருக்கின்றன. வயலில் போட்ட உரம் கரையேறி ஏரிக்குள் போகுமா? ஏரிக்கு மேலே இருப்பது ஊர். சாகுபடியே இல்லாத கோடையிலும் செடி தழைக்கிறதே, அதற்கு யார் உரம் போட்டது?

மலமும் சிறுநீரும் குளியலறைத் தண்ணீரும் கொண்டுவரும் நைட்ரஜனும் பாஸ்பரசும்தான் அந்த உரம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி, தீனி கிடைத்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். ஒரு முறை வாரினால் அழிந்துவிடாது; சேற்றில் விழுந்த விதை பல ஆண்டுகள் காத்திருந்து முளைக்கும். வெயிலில் திறந்து கிடக்கும் நீரைவிட, இலைகள் வழியாக இது ஆவியாக்கும் நீர் அதிகம். சாக்கடை ஏரியை நிரப்புகிறது என்று யாராவது ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். அது வளர்க்கும் செடி நல்ல தண்ணீரையும் சேர்த்துக் குடிக்கிறது. செடி அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து கெண்டையும் கெளுத்தியும் செத்து மிதக்கின்றன. ஏரியின் அடியில் ஊறும் நீர் எங்கள் கிணறுகளுக்குத்தான் வருகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எங்கள் ஆயக்கட்டுக் கிணறுகளில் அது எவ்வளவு என்று சோதித்துப் பார்க்க இதுவரை ஓர் அதிகாரிகூட வரவில்லை.

முன்பு கோடையில் ஏரி வண்டலை மாட்டு வண்டியில் அள்ளி வயலுக்குக் கொண்டுபோனார்கள். அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக் கிடை போட்டார்கள். மண்ணிலிருந்து எடுத்த சத்து மண்ணுக்கே திரும்பியது. இன்று மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து பாஸ்பேட்டைக் கப்பலில் வரவழைத்து, மானியம் கொடுத்து வயலில் போடுகிறோம். அது சோறாகி, கழிவாகி, ஏரியில் விழுந்து செடியாகிறது. அந்தச் செடியை வார மறுபடியும் வரிப்பணம். இதைத் திட்டம் என்று சொல்ல ஒரு பொறியாளருக்கு எப்படி மனம் வருகிறது?

அதைவிடக் கொடுமை, வாரிய செடியைக் கரையின் உட்சரிவிலேயே குவித்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுத்த நாள் பெய்த மழையில் பாதி திரும்ப நீருக்குள் இறங்கிவிட்டது. மீதி அங்கேயே அழுகிச் சாறு வடிகிறது. செடி உறிஞ்சிய சத்தையெல்லாம் அந்தச் சாறு அப்படியே ஏரிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. கேட்டால், அப்புறப்படுத்த வண்டி வாடகை எஸ்டிமேட்டில் இல்லையாம்.

பாதாளச் சாக்கடை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். எப்போது வரும்? உள்ளாட்சி அமைப்புகள் மூன்று ஆண்டுகளுக்குள் சுத்திகரிப்பு நிலையங்களை அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017 பிப்ரவரியில். நீர்நிலையில் கழிவை விடக் கூடாது என்ற தண்ணீர்ச் சட்டத்தின் வயதை 1974 முதல் எண்ணிக்கொள்ளலாம். சாலையோரம் குப்பை போட்ட டீக்கடைக்காரருக்கு அபராதம் விதிக்கத் தெரிந்தவர்களுக்குத் தாங்களே ஏரியில் விடும் சாக்கடை மட்டும் கண்ணில் படுவதில்லை. நிலையம் கட்டினாலும் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் நீக்கும் வசதியோடு கட்ட வேண்டும். நாற்றத்தை மட்டும் போக்கிவிட்டுச் சத்து நீரை ஏரியில் விட்டால் செடி இப்போதுபோலவே வளரும்.

நிதி இல்லை என்ற பேச்சு வேண்டாம். ஆண்டுதோறும் பொக்லைனுக்கு நிதி வருகிறதே.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஏரிக்குள் விழும் சாக்கடை வாயை அடைத்து, கழிவு நீரை வேறு வழியில் திருப்பிச் சுத்திகரிக்க வேண்டும். கரையில் கிடக்கும் குவியலை உடனே அகற்ற வேண்டும். எங்கள் ஏரிக்கு ஆலைக் கழிவு வருவதில்லை. அதனால் அந்தச் செடியை மக்கவைத்து வயலுக்குப் போட்டுக்கொள்கிறோம். இரண்டாவது வேலைக்கு டெண்டரும் தேவையில்லை. டிராக்டரும் ஆளும் எங்களிடம் உண்டு. அள்ளிக்கொள்ள எழுத்தில் ஓர் அனுமதி கொடுங்கள், நாளைக்கே வருகிறோம்.

இப்படிக்கு,
ஆயக்கட்டு விவசாயி ஒருவர்