புருஷன் விசாவில் பெண்டாட்டி தொங்கலாமா?

ஆண்டுதோறும் ஆகஸ்டு 16-ந் தேதி கீழூரில் கொடி ஏறுகிறது. வில்லியனூர் கொம்யூனில் உள்ள சின்னக் கிராமம் அது. அன்றைக்கு மட்டும் போலீஸ் வருகிறது, கார்கள் வருகின்றன, மாலைகள் வருகின்றன. விழா முடிந்தால் ஊர் பழையபடி அமைதியாகி விடுகிறது.

புதுவையின் தலைவிதி முடிவானது அங்கேதான். 1954-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு சேர வேண்டும் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர்.

இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் பெரியவர்களுக்கே தெரியாத விஷயம் ஒன்று உண்டு.

1956-ம் ஆண்டு மே 28-ந் தேதி இந்தியாவும் பிரான்சும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. அது 1962-ம் ஆண்டு ஆகஸ்டு 16-ந் தேதி அமலுக்கு வந்தது. புதுவையில் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுப் பிரஜைகள் அன்று முதல் இந்தியப் பிரஜைகள் ஆனார்கள். "இல்லை, நான் பிரெஞ்சுப் பிரஜையாகவே இருக்கிறேன்" என்பவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று வழி விட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் ஒரு சின்ன விதி இருக்கிறது. புருஷன் எடுக்கும் முடிவு பெண்டாட்டியின் குடியுரிமையைப் பாதிக்காது என்பதுதான் அந்த விதி!

அதாவது, ஒரே வீட்டில் இருந்தாலும் அவன் கையெழுத்து அவனுக்கு. அவள் கையெழுத்து அவளுக்கு. 1956-லேயே இப்படி எழுதி வைத்தார்கள்.

இன்றைக்கு நிலைமை என்ன?

ஒரே கயிற்றில் இருவர்

வில்லியனூரிலும் பாகூரிலும் வெளிநாட்டில் பிள்ளை இல்லாத தெரு குறைவு. பாதிப்பேர் போவது கம்பெனி கொடுக்கும் விசாவில். அதாவது, "இந்த ஆளுக்கு நான் பொறுப்பு" என்று ஒரு முதலாளி அந்த நாட்டு அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்து வாங்கும் விசா.

பிறகு கல்யாணம் நடக்கிறது. பெண்டாட்டி அவன் பின்னால் போகிறாள். அவளுக்குக் கிடைப்பது டிபெண்டெண்டு விசா. புருஷனை நம்பி இருப்பவள் என்று அர்த்தம்.

ஆக, கம்பெனியை நம்பி அவன். அவனை நம்பி அவள். கம்பெனி கையை விட்டால் இருவரும் சேர்ந்து கீழே விழ வேண்டியதுதான்.

நம் ஊர் ரேஷன் கார்டைப் பாருங்கள். 2013-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி குடும்பத் தலைவி யார்? வீட்டின் மூத்த பெண். அதே பெண் விமானம் ஏறி இறங்கியதும் சார்ந்திருப்பவள் ஆகி விடுகிறாள்!

ராஜினாமாவுக்கு அவசரம் ஏன்?

கொஞ்ச நாள் போனதும் போனில் ஒரு சேதி வருகிறது: "அம்மா, இந்தக் கம்பெனி சரியில்லே. வேறே விசாவுக்கு மாறப்போறோம்."

"மாறப்போறோம்" என்று சுலபமாகச் சொல்லி விடுகிறார்கள். மாறுவது யார்? அவன் மட்டுமா, இருவருமா? முதலில் யார், பிறகு யார்? இதை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பாகூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் லண்டனில் இருக்கிறான் என்று வைத்துக் கொள்வோம். சம்சாரம் நர்சு படித்தவள். அவன் பேரில் டிபெண்டெண்டாகப் போயிருக்கிறாள். மேலதிகாரியோடு தகராறு. கோபத்தில் ராஜினாமாவை வீசி விட்டு வருகிறான்.

என்ன ஆகும்? வேலை போன தகவலைக் கம்பெனி அரசாங்கத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும். வழக்கமாக 60 நாள் கெடு வைத்து விசாவைச் சுருக்கி விடுவார்கள். அவனுடையது மட்டுமல்ல, அவளுடையதும்தான். அவள் யாரோடும் சண்டை போடவில்லை. ஆனாலும் மூட்டை கட்ட வேண்டும்.

அதே பையன் 6 மாதம் பொறுத்திருந்தால்? அவள் அந்த நாட்டு நர்சு கவுன்சிலில் பதிவு செய்து, ஆள் எடுக்க லைசென்சு உள்ள ஆஸ்பத்திரியில் வேலை வாங்கித் தன் பேரிலேயே விசா மாற்றியிருக்கலாம். பிறகு அவன் அவளுடைய டிபெண்டெண்டாக மாறி நிம்மதியாக இருந்திருக்கலாம். ஊரை விட்டு வரத் தேவையே இல்லை. சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் வரிசை மாறினால் காரியம் கெட்டது.

கெடுவும் கணக்கும்

அமெரிக்காவிலும் இதே கதைதான். எச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அதிகபட்சம் 60 நாள். 2017-ம் ஆண்டு ஜனவரி முதல் இந்தக் கணக்கு. புருஷன் - பெண்டாட்டி இருவரும் ஆளுக்கொரு எச்-1பி வைத்திருந்தால் தப்பிக்க வழி உண்டு. வேலை இழந்தவர் அந்த 60 நாளுக்குள் மனு போட்டு, மற்றவரின் துணை என்ற எச்-4 விசாவுக்கு மாறலாம். ஒருவர் மட்டுமே எச்-1பி, மற்றவர் அவரை நம்பி எச்-4 என்றால் இந்தக் கதவு கிடையாது.

ஆஸ்திரேலியா கொஞ்சம் இரக்கம் காட்டியிருக்கிறது. 2024-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி முதல், வேலை போனவர் புது முதலாளியைத் தேட ஒரே மூச்சில் 180 நாள் வரை இருக்கலாம். விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து 365 நாளைத் தாண்டக் கூடாது.

சிங்கப்பூரோ பிடியை இறுக்கியது. புருஷன் பாஸில் டிபெண்டெண்டாக வந்த பெண்கள் முன்பு ஒரு சம்மதக் கடிதத்தை வைத்தே வேலை பார்த்தார்கள். 2021-ம் ஆண்டு மே 1-ந் தேதி முதல் வேலைக்குப் போக வேண்டுமானால் பெரும்பாலும் அவளுக்கே தனியாக வேலை பாஸ் வேண்டும் என்றாகி விட்டது.

இது கஷ்டம்தான். ஆனால் இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. தன் பேரில் பாஸ் வாங்கியவள், புருஷன் வேலை போனாலும் அந்த நாட்டில் நிற்க முடியும். அவள் நின்றால் அவனுக்கும் வழி பிறக்கும்.

குவைத்தில் இரண்டு மாதம்

படித்தவர்கள் கதை இது. படிக்காதவர்கள் கதை இதை விடப் பரிதாபம்.

அரபு நாட்டு வீடுகளில் ஜோடியாக வேலைக்கு எடுப்பதுண்டு. புருஷன் டிரைவர், பெண்டாட்டி சமையல். இருவர் விசாவும் ஒரே முதலாளி கையில். குவைத்தில் இதற்குப் பெயர் 20-ம் நம்பர் விசா. கம்பெனி வேலைக்கு 18-ம் நம்பர் விசா.

20-ல் இருந்து 18-க்கு மாற நினைத்த நேரத்தில் எல்லாம் மாறி விட முடியாது. 2024-ம் ஆண்டு ஜூலை 14 முதல் செப்டம்பர் 12 வரை குவைத் அரசாங்கம் கதவைத் திறந்து விட்டது. ஒரு வருஷமாவது அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். முதலாளி சம்மதமும் வேண்டும்.

இங்கேதான் ஜோடிகள் யோசிக்க வேண்டும். புருஷன் மட்டும் கம்பெனிக்கு மாறினால் அவன் கம்பெனி ரூமில். அவள் பழைய வீட்டில். "பிறகு குடும்ப விசாவில் கூட்டிக்கலாம்" என்பது வெறும் பேச்சு. குடும்பத்தைக் கூப்பிட மாதச் சம்பளம் 800 தினார் வேண்டும் என்று 2024 ஜனவரியில் வைத்தார்கள். எந்த டிரைவருக்கு 800 தினார் கொடுப்பார்கள்?

ஒருவர் தப்பித்து மற்றவர் மாட்டிக் கொள்ளும் மாற்றம், மாற்றமே அல்ல. மாறினால் இருவரும் மாறுகிற மாதிரி பார்க்க வேண்டும். முடியாவிட்டால் நல்ல நேரம் வரும் வரை பொறுக்க வேண்டும்.

நேஷனாலிட்டி மோகம்

புதுவைக்கே உரிய இன்னொரு கணக்கும் இருக்கிறது. தாத்தா சொல்தா; குடும்பத்துக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி. அந்த வீட்டில் சம்பந்தம் வைத்தால் பிரான்சு கைக்குள் வந்து விட்டதாக நினைப்பு.

பிரான்சில் கம்பெனி வேலை அட்டையில் இருக்கும் பையன், பிரெஞ்சுப் பிரஜையான பெண்ணைக் கட்டினால், துணைவர் என்ற அட்டைக்கு மாறலாம். முதலாளி பிடி விட்டது, சந்தோஷம். ஆனால் புதுப் பிடி ஒன்று வருகிறது. இருவரும் சேர்ந்து வாழ்கிறார்களா என்று அரசாங்கம் பார்க்கும். வாழ்க்கை முறிந்தால் அட்டையைப் புதுப்பிக்க மறுக்கலாம். துணைவர் இறந்து போனாலோ, அடி உதை என்று நிரூபணம் ஆனாலோதான் விதிவிலக்கு.

புருஷனாக வந்தவனுக்கும் இதே சட்டம். பெண்டாட்டியாக வந்தவளுக்கும் இதே சட்டம். முதலாளியிடம் இருந்து தப்பித்து மாமனார் வீட்டுத் தயவில் நிற்பது விடுதலை ஆகுமா?

புதுப்பிக்கும் மனுவைக் காலாவதி தேதிக்கு 4 மாதம் முதல் 2 மாதம் வரை முன்னதாகப் போட வேண்டும். கடைசி வாரத்தில் பிரிபெக்தூர் வாசலில் நின்று அழுது பயன் இல்லை.

"பொம்பளைக்கு எதுக்குத் தனிப் பேப்பரு?"

ஊரில் பெரியவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள். "குடும்பம்னா ஒண்ணுதானே? அவளுக்குத் தனியா விசா எடுத்தா நாளைக்குத் தனியாப் போயிடமாட்டாளா?"

அவர்கள் பயம் புரிகிறது. ஆனால் மாட்டு வண்டியை நினைத்துப் பார்க்கட்டும். வண்டிக்கு இரண்டு சக்கரம். ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனிக் கடையாணி. "ஒரே வண்டிதானே, ஒரு கடையாணி போதும்" என்று எந்த வண்டிக்காரனாவது சொல்வானா? தனிக் கடையாணி இருப்பதால் சக்கரம் ஓடிப் போவதில்லை. அதனால்தான் வண்டியே ஓடுகிறது.

அடிக்கிற புருஷனிடம் மாட்டிய பெண், "விசாவை ரத்து பண்ணிடுவேன்" என்ற ஒரே வார்த்தைக்குப் பயந்து வாயை மூடிக் கொண்டு கிடக்கிறாளே, அதையும் நினைக்க வேண்டும். பிரிட்டன் அரசாங்கமே 2024 பிப்ரவரியில் இதை ஒப்புக் கொண்டு, வேலை விசாக்காரர்களின் துணைகளுக்கும் கொடுமையில் இருந்து தப்பிக்க 3 மாத அவகாசம் கொடுத்தது. அவகாசம் ஆபத்துக்குத்தான் உதவும். சொந்தப் பேப்பர்தான் வாழ்க்கைக்கு உதவும்.

செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: புது விசா கைக்கு வராமல் பழைய வேலையை விடக் கூடாது. எவ்வளவு கோபம் வந்தாலும் சரி.

இரண்டு: விசிட் விசாவில் போய் அங்கேயே வேலை விசாவாக மாற்றிக் கொள்ளலாம் என்று ஏஜெண்டு சொன்னால், அந்த நாட்டுச் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டும். பிரிட்டனில் அப்படி மாறவே முடியாது.

மூன்று: பேப்பர்கள். ஆதாரில் முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணச் சான்றில் வேறு எழுத்துக்கூட்டு. நம் ஊரில் இது சகஜம். வெளிநாட்டு ஆபீசில் இவர்கள் மூன்று பேர்! கல்யாணத்தைப் பதிவு செய்யும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரை எழுத வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரையும் போகும் முன்பே வாங்கி விட வேண்டும். பாஸ்போர்ட்டையும் சான்றையும் அவரவர் தன் கையில் வைத்துக் கொள்ள வேண்டும்.

நான்கு: வளைகுடா வேலைக்கு அரசாங்கத்தில் பதிவு செய்த ஏஜெண்டு வாங்கக் கூடிய கூலி ரூ.30 ஆயிரம், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும்தான். லட்சக்கணக்கில் கேட்கிறவனிடம் ரசீது கேளுங்கள். ஆளைப் பிறகு பார்க்க முடியாது!

இதை எல்லாம் யார் சொல்லிக் கொடுப்பது? வெளிநாடு போவோரைப் பாதுகாக்கும் மத்திய அரசு அதிகாரி சென்னையில் உட்கார்ந்திருக்கிறார். புதுவைக்கும் அவர்தான். கூலிக்காரன் ஒருநாள் சம்பளத்தை விட்டு, பஸ்சுக்குச் செலவழித்துச் சென்னைக்குப் போவானா? போக மாட்டான். பக்கத்துத் தெரு ஏஜெண்டிடம்தான் போவான்.

பிறப்பையும் கல்யாணத்தையும் பதிவது கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ். அங்கேயே மாதம் ஒருநாள், வில்லியனூரில் ஒரு மேஜை, பாகூரில் ஒரு மேஜை போட்டால் என்ன? விவரம் தெரிந்த ஓர் அதிகாரி, வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்த இரண்டு பேர். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வர வேண்டும். இருவர் பேப்பரையும் தனித்தனியே பார்க்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. மனசு இருந்தால் போதும்.

அடுத்த ஆகஸ்டு 16-ந் தேதி கீழூருக்கு வரும் மந்திரிகள், கொடியேற்றி விட்டு இதையும் அறிவித்து விட்டுப் போகலாம்.

1956-ல் எழுதிய அந்த விதி பெண்டாட்டிக்குத் தனிக் கையெழுத்தைக் கொடுத்தது. அவள் பேத்தி அதை விமான நிலையத்தில் தொலைத்து விட்டு நிற்கக் கூடாது.