இழுப்பது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம்

காலை ஆறு மணிக்கு அடையாறு திரு.வி.க. பாலத்தில் நின்று பார்த்தீர்கள் என்றால் இந்தக் காட்சி தப்பாமல் கிடைக்கும். முன்னால் ஒரு குட்டி யானை (அதாங்க, டாட்டா ஏஸ்). அதன் பின்தட்டில் பத்துப் பன்னிரண்டு பேர், மண்வெட்டி, பாண்டு, பிளாஸ்டிக் டிரம். அதற்கும் பின்னால் ஒரு கொக்கியில் மாட்டி, ஆடிக்கொண்டே வரும் கலவை மெஷின். மெஷின் மேலேயும் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். தலையில் துண்டு, வாயில் வெற்றிலை. சிக்னலில் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்.

நானும் இருபது வருஷமாக இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவன்தான். போன வருஷம் எங்கள் வீட்டில் மாடி எடுத்தோம். அதற்குப் பிறகு சிரிப்பு வருவதில்லை.

மந்தைவெளியில் எங்கள் வீடு. தெரு ரொம்பக் குறுகல். ரெடிமிக்ஸ் லாரி தெருமுனையைத் திரும்பவே திரும்பாது. அதனால் பழைய முறைதான்: மெஷின் வரும், வீட்டு வாசலிலேயே ஜல்லி, மணல், சிமெண்ட் போட்டுக் கலக்கி மேலே ஏற்றுவார்கள். தளம் போடும் நாள் ஒரு குட்டித் திருவிழா மாதிரி. பூஜை, தேங்காய், மத்தியானம் எல்லோருக்கும் பிரியாணி. வேலை முடிய ராத்திரி எட்டு மணி ஆகிவிட்டது. கழுவி, கட்டி, மெஷினைக் குட்டி யானைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு தெரு கூடத் தாண்டவில்லை. ஒரு வேகத்தடையில் முன்வண்டி ஏறி இறங்கியதும் கொக்கி கழன்றுவிட்டது. மெஷினின் இழுப்புக் கம்பி தரையில் குத்தி, மெஷின் ஒரு பக்கமாகத் திரும்பி ஒரு வீட்டுக் காம்பவுண்டு சுவரில் போய் மோதியது. மேலே உட்கார்ந்திருந்த அண்ணன் குதித்தார். கணுக்கால் எலும்பு முறிந்தது. பகலில் என்றால் அந்தச் சுவரோரம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள்.

டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கொக்கியில் பின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு முழ நீளக் கம்பித் துண்டை வளைத்துச் செருகியிருந்தார்கள். எங்கள் தளத்துக்கு வாங்கிய கம்பியில் மிச்சம்!

இந்த விஷயத்தை டல்லாஸில் இருக்கும் பெரியப்பா பையனிடம் போனில் சொன்னேன். அவன் லீவு விட்டால் பிக்கப் வண்டிக்குப் பின்னால் படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிற ஆள். "கிளம்புறதுக்கு முன்னாடி நான் அரை மணி நேரம் பின்பக்கத்தைச் சுத்தி வருவேன்டா" என்றான். எதற்கு என்று கேட்டதில் ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்துவிட்டான். காமர்ஸ் படிக்கிறவனுக்கு பிசிக்ஸ் கிளாஸ்! ஆனால் உட்கார்ந்து யோசித்தால் எல்லாம் வரவு செலவுக் கணக்குதான்.

அங்கே "அரை டன் பிக்கப்" என்று ஒரு வகை உண்டு. ஃபோர்டு எஃப்-150 மாதிரி வண்டிகள். அரை டன் என்பது அந்தக் காலத்தில் அது சுமந்த பாரம். இப்போது அதைவிட அதிகம் சுமக்கும், பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. விளம்பரத்தில் நாலு டன் இழுக்கும், அஞ்சு டன் இழுக்கும் என்று போடுவார்கள். அதை நம்பி ட்ரெய்லர் வாங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள் என்றான். ஏனென்றால் பின்னால் வரும் ட்ரெய்லரின் எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் கொக்கி வழியாக முன்வண்டி மேல் உட்கார வேண்டும். இரண்டரை டன் ட்ரெய்லர் என்றால் 250 முதல் 375 கிலோ. அது முன்வண்டி சுமக்கிற பாரத்தில் சேர்த்தி. சுமக்கும் திறன் 700 கிலோ என்று வைத்துக்கொண்டால், கொக்கிக்கு 300, நாலு பேருக்கு 300, மூட்டை முடிச்சுக்கு 100. தீர்ந்தது கணக்கு. இழுக்கும் திறன் எவ்வளவு பாக்கி இருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

சரி, கொக்கி மேல் எடையே வேண்டாம் என்று சாமான்களை ட்ரெய்லரின் பின்பக்கம் ஏற்றினால்? அது இன்னும் மோசம். பின்பாரம் கூடினால் ட்ரெய்லர் நாய் வாலாட்டுகிற மாதிரி ஆட ஆரம்பிக்கும். வேகம் கூடக் கூட ஆட்டம் கூடும். ஒரு கட்டத்தில் வால் நாயை ஆட்டிவிடும். அதனால் பாரத்தில் பாதிக்கு மேல் அச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பது விதி. இது இரண்டு சக்கரமோ நடுவில் அச்சோ உள்ள ட்ரெய்லருக்கு. நம்மூர் கலவை மெஷின் பலவற்றுக்கு நாலு சக்கரம், அதனால் எடை முன்வண்டி மேல் ஏறாது. ஆனால் பிரேக் பிடித்தால் மொத்தமும் பின்னாலிருந்து தள்ளும்.

இந்தத் தள்ளலைத்தான் யாரும் யோசிப்பதில்லை என்று நினைக்கிறேன். "குட்டி யானை இழுக்குதே, அப்புறம் என்ன" என்கிறார்கள். இழுக்கும்தான். 2005-ல் அது வந்தபோது 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைசக்தி டீசல் எஞ்சின். ஃபர்ஸ்ட் கியரில் மெதுவாக எதையும் நகர்த்திவிடும். நிறுத்துவது எஞ்சின் வேலை இல்லையே? அது பிரேக் வேலை. வண்டியும் பாரமும் சேர்ந்து சுமார் ஒன்றரை டன் என்று கணக்குப் போட்டு வைத்த பிரேக். பின்தட்டில் பத்துப் பேர் ஏறினாலே அந்த ஒன்றரை டன் கிட்டத்தட்ட வந்துவிடும். (சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது தனிக் குற்றம், அதற்குப் பிறகு வருகிறேன்.) அதற்குப் பின்னால் ஒரு டன்னுக்கு மேல் மெஷின். மெஷினுக்குப் பிரேக்கே கிடையாது. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் நல்ல பிரேக் பிடித்தால் 12 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 20 மீட்டர் தாண்டித்தான் நிற்கும். கூடுதலாக வரும் எட்டு மீட்டர் என்பது இரண்டு கார் நீளம். உஸ்மான் ரோடு மேம்பாலத்தின் இறக்கத்தில், கீழே டிராஃபிக் நின்றுகொண்டிருக்கும்போது, அந்த இரண்டு கார் நீளத்துக்கு எங்கே போவது? வேகத்தைப் பாதியாக்கினால் நிற்கும் தூரம் கால்வாசி ஆகிவிடும். செலவே இல்லாத ஒரே பாதுகாப்பு அதுதான்.

ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேல் போனால் ட்ரெய்லருக்கே சொந்தப் பிரேக் இருக்க வேண்டும். கொக்கி கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கிற ஏற்பாடும் உண்டு. அமெரிக்காவில் கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுவார்கள். கொக்கி கழன்றாலும் இழுப்புக் கம்பி தரையில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டிலில் விழும். எங்கள் தெருவில் நடந்ததற்கு மருந்து இந்தச் சங்கிலி மட்டும்தான்! பெரிய டெக்னாலஜி ஒன்றும் இல்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். மயிலாப்பூர்க்காரர்களுக்கு இது காலங்காலமாகத் தெரியும். பங்குனித் திருவிழாவில் கபாலீஸ்வரர் தேர் மாட வீதியில் வரும்போது வடம் பிடிக்கிறவர்களைத்தான் எல்லோரும் பார்க்கிறோம். உண்மையான வேலை சக்கரத்தின் பக்கத்தில் கட்டையோடு நடக்கிறவர்களுடையது. தேரைத் திருப்புவதும் அவர்கள், நிறுத்துவதும் அவர்கள். முட்டுக்கட்டை போடுவது என்றால் இப்போது கெட்ட வார்த்தை ஆகிவிட்டது, பாவம். திருவாரூர் ஆழித்தேருக்கு அதுவும் போதாது என்று திருச்சி பெல் நிறுவனம் செய்த ஹைட்ராலிக் பிரேக்கே மாட்டியிருக்கிறார்கள். நடந்து போகிற வேகத்தில் ஊரே சேர்ந்து இழுக்கும் தேருக்கு இவ்வளவு யோசிக்கிறோம். நாற்பதில் ஓடும் மெஷினுக்கு ஒரு கம்பித் துண்டு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி மோட்டார் வண்டியால் இழுக்கப்படும் எந்த வண்டியும் ட்ரெய்லர்தான். 2017-ல் வந்த ஓட்டுதல் விதிமுறைகளின்படி பழுதான வண்டி, முழுதாகப் பூட்டப்படாத வண்டி, பதிவு செய்த ட்ரெய்லர், சைடுகார் இவற்றைத் தவிர வேறு எதையும் கட்டி இழுக்கக் கூடாது. கலவை மெஷின் இதில் எதுவும் இல்லை. சைடுகார் என்று வேண்டுமானால் வாதாடிப் பார்க்கலாம் :)

இன்சூரன்ஸ் பக்கம்தான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. நியூ இந்தியா அஸ்யூரன்ஸ் எதிர் ஆஷா ராணி என்று ஒரு வழக்கு. சரக்கு வண்டியில் பயணிகளாக ஏறி வந்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில் சொல்லிவிட்டது. வண்டியோடு வந்த சொந்த வேலையாள் என்றால் வாதாட இடம் உண்டு. ஆனால் குட்டி யானை ஒருத்தருடையது, மெஷின் இன்னொருத்தருடையது, ஆட்கள் மேஸ்திரி கூட்டி வந்தவர்கள். யாருக்கு யார் வேலையாள்? எங்கள் வீட்டு விஷயத்தில் இந்தக் கேள்வி எழுந்தபோது மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் காட்டினார்கள். கடைசியில் மாவுக்கட்டுச் செலவை அப்பாவும் மேஸ்திரியும் பாதிப் பாதி போட்டார்கள். அந்த அண்ணன் மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. அந்தக் கூலியை யாரும் கொடுக்கவில்லை. நாங்களும் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வேலை பேசும்போது மேஸ்திரி வண்டி வாடகை என்று இரண்டு நடை போட்டிருந்தார். மெஷினுக்கு ஒன்று, ஆட்களுக்கு ஒன்று. "எதுக்குங்க ரெண்டு வண்டி, ஒரே வண்டியில வரலாமே" என்று பேரம் பேசி 1,000 ரூபாய் குறைத்தது அப்பா. பக்கத்தில் நின்று கால்குலேட்டரில் தட்டிக் கொடுத்தது நான்.

அதனால் மேஸ்திரியையும் டிரைவரையும் மட்டும் திட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மெஷினை இழுக்கவே கூடாது என்று தடை போட்டாலும் நடக்காது. மயிலாப்பூர், மந்தைவெளி சந்துகளில் பெரிய லாரி நுழையாத வரைக்கும் மெஷின் வந்துதான் ஆக வேண்டும். அவர்கள் அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. தண்ணீர் சேர்த்த சிமெண்ட் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக ஆரம்பித்துவிடும். தளத்தைப் பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒட்டு விழும், பின்னால் ஒழுகும். அதனால் விடியற்காலையில் வந்து, முடித்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். அதாவது ஆபத்தான பயணம் காலையில் நாம் பார்த்துச் சிரிப்பது இல்லை. பதினான்கு மணி நேரம் உழைத்துவிட்டு, இருட்டில், பின்விளக்கு இல்லாத மெஷினோடு திரும்பிப் போவது.

அதற்கு என்ன ஆகும் செலவு? தடியான சங்கிலி பாரிமுனையில் கிடைக்கும். டெயில் லைட் புதுப்பேட்டையில் கிடைக்கும், ஒரு பலகையில் அடித்து முன்வண்டியிலிருந்து ஒயர் இழுத்தால் வேலை முடிந்தது. பூட்டு கிளிப்போடு ஒரு சரியான பின். சிவப்பு ஒளிரும் டேப். நிறுத்தி வைக்கும்போது சக்கரத்துக்கு இரண்டு கட்டை. ஒரே தடவை செலவு, வருஷக்கணக்கில் ஓடும். ஆட்களுக்குத் தனி வண்டி மட்டும்தான் ஒவ்வொரு முறையும் ஆகிற செலவு. லட்சக்கணக்கில் வீடு கட்டுகிறவர்கள் கம்பியை எடை போட்டு வாங்குகிறோம், சிமெண்ட் மூட்டையை எண்ணுகிறோம். கொக்கியில் என்ன செருகியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பதில்லை.

அடுத்த மாதம் மொட்டை மாடியில் ஹெட்ரூம் தளம். அதே மேஸ்திரிதான். எஸ்டிமேட்டை இந்த முறை நான்தான் டைப் அடித்தேன். "ஆட்கள் போக்குவரத்து, தனி வண்டி, போக வர: ரூ. 1,200" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அப்பா படித்துப் பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்திருக்கிறார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.