வாட்ஸ் மயக்கம்

வீட்டில் பாட்டு தெளிவாகக் கேட்கவில்லையா, ஆம்ப்ளிஃபயரை மாற்று, இன்னும் அதிக வாட்ஸில் வாங்கு. நம் ஊர்களில் யாரும் எதிர்க்கேள்வி கேட்காத வேதவாக்கு இது. மணலூர்பேட்டையில் இந்த எண்ணம் வேரூன்றக் காரணம் உண்டு. தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்கு, திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வந்திறங்கும் தென்பெண்ணை மணலில், மைக்செட் கட்டுபவருக்கு வாட்ஸ்தான் உயிர். திறந்தவெளியில் ஒலியைத் திருப்பித்தரச் சுவர் கிடையாது. தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் கரைந்துபோகும். ஆற்று மணலுக்குச் சரியான அந்தக் கணக்கைப் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் தூக்கிவருவதைத்தான் கண்டிக்கிறேன்.

வாட்ஸை இரண்டு மடங்காக்கினால் கூடுவது வெறும் 3 டெசிபல். காதுக்குச் சத்தம் இரட்டிப்பாகத் தோன்ற வேண்டுமானால் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ரேடியோ மெக்கானிக்குகள் பூட்டித்தரும் 4440 ஐ.சி. போர்டு பக்கத்துக்கு 6 வாட்ஸ்தான் தரும். ஒரு வாட்ஸுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபல் எழுப்பும் பாக்ஸில் அதைக் கொடுத்தால் ஏறக்குறைய 98 டெசிபல். ஒரு குடும்பம் உட்கார்ந்து கேட்க இதுவே அதிகம். அட்டைப்பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் அச்சிடுகிறார்களே, அது அளவே அல்ல, ஏமாற்று.

உண்மைக் குறை அறையில் இருக்கிறது. கரும்புத் தோகையோ தென்னங்கீற்றோ வேய்ந்த கூரை எதிரொலியை உறிஞ்சிக்கொண்டது; பேஸ் அதன் வழியே வெளியேறியது. 2010-இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டமும் அதன் பின்வந்தவையும் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக்கின. வாழ்க்கைக்கு அது பெரும் நன்மை; ஒலிக்கோ நான்கு பக்கமும் மேலும் கீழும் கண்ணாடி வைத்ததுபோல் ஆயிற்று. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே பத்தடி இருந்தால் 56 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலி அங்கே வீங்கி நிற்கும். பேஸ் கிதாரின் ‘ஏ’ கம்பி 55 ஹெர்ட்ஸ். இளையராஜா பாடலில் சுரம் சுரமாக நடந்துபோகும் பேஸில் அந்த ஒரு சுரம் மட்டும் ‘கும்’மென்று முட்டி, மற்றவற்றை அமுக்கிவிடும். வாட்ஸைக் கூட்டினால் அந்த வீக்கமும் சேர்ந்தே கூடும். பேச்சே புரியாமல் எதிரொலித்த ஹார்வர்டு பல்கலைக்கழக அரங்கைச் சீராக்க 1895-இல் பணிக்கப்பட்ட வாலஸ் சேபின், இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து அடுக்கித்தான் எதிரொலியை அளந்தார். உறிஞ்சும் பொருள் கூடக்கூட எதிரொலி குறைந்தது. கட்டட ஒலியியல் என்ற துறைக்கே அந்த மெத்தைகள்தான் அடித்தளம்.

மலிவான ஆம்ப்ளிஃபயர் இரைகிறதே, சத்தத்தைக் கூட்டினால் கிழிகிறதே என்று கேட்பார்கள். இரைச்சல் பெரும்பாலும் எர்த்திங், ஃபில்டர் கெப்பாசிட்டர் சார்ந்த பழுது, மெக்கானிக்கிடம் தீரும். வழக்கமாகக் கேட்கும் அளவிலேயே கிழிந்தால் பெரியது வாங்குவது நியாயம்தான், மறுக்கவில்லை. ஸ்பீக்கர் மாற்றினால் வித்தியாசம் தெரியுமே என்றால், தெரியும். கருவிகளில் ஒன்றுக்கொன்று மிகவும் மாறுபடுவது அதுதான். ஆனால் நல்ல ஸ்பீக்கரையும் மூலையில் திணித்து வைத்தால் பேஸ் குழம்பும்.

ஆம்ப்ளிஃபயருக்குப் பணம் எடுத்துவைத்திருப்பவர்களே, முதலில் பாக்ஸ்களை மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுங்கள். தரையில் ஜமக்காளம் விரியுங்கள், எதிர்ச்சுவரில் கனத்த திரை தொங்கவிடுங்கள். அதே பாட்டை மறுபடி கேளுங்கள். அப்போதும் குறை தெரிந்தால் ஸ்பீக்கரை மாற்றுங்கள். ஆம்ப்ளிஃபயரின் முறை அதற்குப் பிறகுதான்.